நிறுத்திய பஸ் இரவில் இடது பின்பக்கம் 3 அங்குலம் இறங்குகிறது: பை மாற்றியும் தீரவில்லை

நடமாடும்_வீடு

வீடாக மாற்றிய மூன்று ஆக்சில் பஸ், பாடியைத் தாங்குவது காற்று நிரப்பிய ஏர் பைகள். முன்னால் ஒரு லெவலிங் வால்வு (பைக்குக் காற்றை ஏற்றி இறக்கி உயரத்தைப் பிடிப்பது), பின்னால் இடம் வலம் தலா ஒன்று. இன்ஜினை நிறுத்தும்போது மட்டமாக நிற்கிறது. 10 மணி நேரத்தில் இடது பின்பக்கம் 3 அங்குலம் இறங்கிவிடுகிறது. முன் இடது மூலையும் கூடவே ஒன்றரை அங்குலம் தாழ்கிறது. ஸ்டார்ட் செய்தால் எல்லாம் மேலே வந்துவிடும். டிரைவ் ஆக்சிலின் இடது ஏர் பைகள் இரண்டையும் மாற்றியாயிற்று, பலனில்லை. பைகளிலும் யூனியன்களிலும் (டியூப் இணைப்புகள்) சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி இல்லை. நிறுத்துமிடத்தில் மட்டப்படுத்த ஒரு சோலினாய்டு செட் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள்) பின்னாளில் சேர்த்தது. அடுத்து முன் இடது பையை மாற்றுவதா, இடது லெவலிங் வால்வையா?

அச்சாணி

இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முன் வலது மூலையை அளந்தீர்களா? அது ஒன்றரை அங்குலம் ஏறியிருக்கும்.

முன்னால் ஒரே வால்வு என்றால் இரண்டு முன் பைகளும் ஒரே லைனில் இருக்கின்றன. ஒரு பை அமுங்கினால் அதன் காற்று மற்றதுக்குப் போகும். அதனால் முன்பக்கம் நடு உயரத்தை மட்டும்தான் பிடிக்கும்; இடம் வலம் சாய்வை முடிவு செய்வது பின்னால் உள்ள இரண்டு வால்வுகள். பின் இடது 3 அங்குலம் இறங்கினால் முன் இடது பாதியளவு தாழ்ந்து, முன் வலது அதே அளவு எழும். உங்கள் முன் பைகள் நிரபராதிகள். முன்னால் நிஜமாகவே லீக் இருந்தால் இரண்டு மூலையும் சேர்ந்து இறங்கும்.

பின் இடது லைனில் டிரைவ் ஆக்சில் பைகளோடு அதே பக்கத்து டேக் ஆக்சில் (பின்னால் இருக்கும் கூடுதல் ஆக்சில்) பையும் இருக்கும். அதைப் பார்த்தீர்களா?

கீழே போகும் முன் ஒன்று. காற்றை நம்பியோ ஜாக்கியை நம்பியோ பாடிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். லெவலிங் வால்வின் கை தெரியாமல் கீழ்ப்பக்கம் தட்டுப்பட்டாலே பை காலியாகத் தொடங்கும்; ஒரு டியூப் பிடுங்கிக்கொண்டால் பாடி சட்டென்று உட்கார்ந்துவிடும். சக்கரத்துக்கு அடைக்கட்டை, பாடியின் ஜாக்கி பாயின்ட்டுகளில் எடைக்கேற்ற ஸ்டாண்ட். அதன் பிறகுதான் ஸ்பேனர்.

சோப்புநுரை

லீக் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பையின் விட்டம் 10 அங்குலம் என்று வைத்தால், 3 அங்குலம் இறங்க ஒரு பையிலிருந்து சுமார் 4 லிட்டர் கொள்ளளவு குறைய வேண்டும். டேக் பையோடு மூன்று பை, 12 லிட்டர். உள்ளே 70 பிஎஸ்ஐ இருந்தால் வெளியே வந்த சாதாரணக் காற்று 65 லிட்டருக்கும் மேல். 10 மணி நேரத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 100 மில்லி. இது சோப்பு நுரையில் நன்றாகவே தெரிய வேண்டிய லீக். தெரியவில்லை என்றால், நுரை வைக்க வேண்டிய இடத்தில் இன்னும் வைக்கவில்லை என்று அர்த்தம்.

பொதுவாக விட்டுப்போகும் இடங்கள் வெளியேற்றும் துளைகள்: லெவலிங் வால்வின் எக்ஸாஸ்ட், சோலினாய்டு செட்டின் எக்ஸாஸ்ட். அங்கே சைலன்சர் மாட்டியிருந்தால் காற்று பரவலாக வருவதால் நுரை ஏமாற்றும். சைலன்சரைக் கழற்றி, துளையில் ஒரு சிறு டியூப் மாட்டி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். நிமிடத்துக்கு இரண்டொரு குமிழி பரவாயில்லை. விடாமல் கொதித்தால் அதுதான்.

பைகளை ஓட்ட உயரத்தில் மட்டும் சோதித்தால் போதாது. பை உலோகத் தட்டைப் பிடிக்கும் பீடிங் ஓரமும் மடிப்பும் சில உயரங்களில் மட்டும் லீக் ஆகும். ஒரு அங்குலம் இறக்கியும் ஏற்றியும் பாருங்கள். சோப்பில் அம்மோனியா இருக்கக் கூடாது, பித்தளை யூனியன்களில் விரிசல் விழ வைக்கும்.

நடமாடும்_வீடு

முன் வலது ஏறித்தான் இருக்கிறது, சரியாக ஒன்றரை. டேக் பையில் குமிழி இல்லை. அந்த லைனில் ஒரு பிரஷர் மீட்டர் போட்டேன்: 2 மணி நேரத்தில் முள் கொஞ்சம்கூட நகரவில்லை, ஆனால் வண்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மீட்டர் கெட்டதா?

அச்சாணி

மீட்டர் சரிதான். பையின் அழுத்தத்தை முடிவு செய்வது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. காற்று போகப்போக பை குட்டையாகும். அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பாடி பம்ப் ஸ்டாப்பில் (கீழே தாங்கும் ரப்பர் கட்டை) உட்கார்ந்த பிறகுதான் முள் விழும். ஆகவே இந்த வேலைக்கு அளவுகோல் டேப். ஹப் நடுவிலிருந்து வீல் ஆர்ச் வரை, நான்கு மூலையும், மாலையும் காலையும் எழுதி வையுங்கள்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் கொள்ளளவு 5 சதவீதம் சுருங்கும். 10 அங்குல உயரமுள்ள பையில் அது அரை அங்குலம். நான்கு மூலையும் ஒரே சீராக அவ்வளவு தாழ்ந்தால் லீக்கைத் தேட வேண்டாம்.

இனி பிரித்துப் பார்ப்பதுதான் வழி. ஸ்டாண்ட் போட்டு, காற்றை விட்டு, சோலினாய்டு செட்டின் டியூப் பை லைனோடு சேரும் டீயில் (T வடிவ இணைப்பு) அதைக் கழற்றி பிளக் போடுங்கள். வண்டியை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். நின்றால் குற்றம் செட்டில். இறங்கினால் அடுத்த இரவு லெவலிங் வால்வு பை லைனோடு சேரும் இடத்தில் பிளக். அதிலும் இறங்கினால் மிச்சம் பைகளும் டியூபும் மட்டுமே.

நடமாடும்_வீடு

டீயில் பிளக் போட்ட இரவு கால் அங்குலம்கூட இறங்கவில்லை. இடது எக்ஸாஸ்ட் சோலினாய்டைத் தண்ணீரில் விட்டால் விடாமல் குமிழி. திறந்தால் துளையை மூடும் வால்வு சீட்டில் ஒரு வெள்ளை நார் ஒட்டியிருக்கிறது.

சோப்புநுரை

டெஃப்லான் டேப். மரையில் டேப் சுற்றினால் துணுக்கு பிய்ந்து போய் இப்படித்தான் சீட்டில் உட்காரும். பேஸ்ட் வகை சீலன்ட் போதும், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். சீட்டைச் சுத்தம் செய்து, ரப்பரில் வெட்டுத் தடம் இருந்தால் பிளஞ்சரையும் மாற்றுங்கள். வலது சோலினாய்டையும் திறந்துவிடுங்கள். ஒரே ஆள் சுற்றிய டேப் ஒரே இடத்தில் நிற்காது.

நைலான் டியூபை மீண்டும் மாட்டும்போது நுனியைக் கீறலோடு பழைய யூனியனில் செருகாதீர்கள். அரை அங்குலம் கட்டரால் நேராக வெட்டி, அதன் பிறகு. இடுக்கியால் வெட்டினால் முட்டை வடிவமாகி ஓ-ரிங் பிடிக்காது. டேங்க் டிரெய்னைத் திறந்து பாருங்கள்: தண்ணீரோ பால் நிற எண்ணெயோ வந்தால் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரின் உள் மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த சோலினாய்டும் சீக்கிரம் ஒட்டும்.

மூன்றாம்_கியர்

ஒவ்வொரு பை லைனிலும் கையால் மூடும் காக் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

அச்சாணி

வைக்கலாம். ஆனால் திறக்க மறந்து ஓட்டினால் அந்தப் பக்கம் வால்வின் கட்டுப்பாட்டில் இருக்காது. வைப்பதானால் டாஷ் போர்டில் எச்சரிக்கை விளக்கோடு மட்டும்.

கடைசியாக உயரம். பை மாற்றியிருக்கிறீர்கள், அதனால் வால்வின் கையை ஆக்சிலோடு இணைக்கும் லிங்க் கம்பியைக் கழற்றி மாட்டியிருப்பீர்கள். டேங்க் 100 பிஎஸ்ஐக்கு மேல், மட்டமான தளம், டயர் காற்று சரியாக. வால்வில் நடுவே கொஞ்ச தூரம் எதுவும் செய்யாத இடைவெளி உண்டு. எனவே ஒவ்வொரு முறையும் தாழ்த்திவிட்டு, கீழிருந்து மேலே வந்தே நிறுத்தி அளக்க வேண்டும். மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை என்றால் கணக்கு ஒத்துவராது. ஒரு பின் பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கமும் மாறும், இரண்டு சுற்று போட்டுவிட்டு முன் வால்வுக்குப் போங்கள். கம்பி முனை ரப்பர் புஷ்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் உயரம் எப்படி வைத்தாலும் நிற்காது.