கோல்ஃப் 16 வால்வில் நான்கு த்ராட்டில்: மாட்டியவர்கள் சொல்லும் அனுபவம்

இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 16 வால்வு காரின் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி (பெடலை மிதித்தால் தகடு திறந்து எஞ்சினுக்குக் காற்று விடும் வாய்) மாட்டலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: குதிரைத்திறன் கூடும் என்று நம்பி மாட்டாதீர்கள். ட்யூனிங்குக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாதென்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சொல்வது கடுமையாக இருக்கலாம். பளபளக்கும் நான்கு த்ராட்டில்களோடு, ஐடிலில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) நிற்க முடியாமல் திணறும் நல்ல கார்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 1990-ஆம் ஆண்டு வண்டி. கேஆர் என்ற குறியீடுள்ள எஞ்சின், 1781 சிசி, தொழிற்சாலைக் கணக்கில் 139 குதிரைத்திறன். இங்கிலாந்தில் ஹாட் ஹேட்ச் (வேகமான சிறிய கார்) என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் கார்களில் இதுவும் ஒன்று. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளுக்கு மேலும் சலிக்காமல் இழுக்கும். குறை எங்கே என்றால், பெடலை மிதிக்கும் கணத்துக்கும் எஞ்சின் பதில் சொல்லும் கணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு தயக்கம்.

காரணம் எளிது. ஒரே த்ராட்டில் உள்ள எஞ்சினில், தகடு திறந்ததும் உள்ளே வரும் காற்று முதலில் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியின்) பொது அறையை நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் நான்கு குழாய்களுக்கும் பிரிந்து போகும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்தால் தகட்டுக்கும் வால்வுக்கும் இடையே ஒரு சாண் குழாய்தான். நிரப்புவதற்கு அங்கே எதுவும் இல்லை. இன்னொரு பயனும் உண்டு. வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) போட்டால், இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, எரிந்த வாயு இன்லெட் பக்கம் பின்வாங்கும். பொது அறை இருந்தால் ஒரு சிலிண்டரின் அழுக்குக் காற்று மற்ற மூன்றையும் கெடுக்கும். தனித்தனியாக இருந்தால் அவரவர் வீட்டுப் புகை அவரவர் கூரையோடு போய்விடும். பிஎம்டபிள்யூ 1986-இல் முதல் எம்3-க்கும், டொயோட்டா 1991-இல் 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினுக்கும் தொழிற்சாலையிலேயே நான்கு த்ராட்டில் கொடுத்தது சும்மா இல்லை.

கேஆர் எஞ்சினில் ஒரு சிக்கல் கூடுதல். அதில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற எரிபொருள் அமைப்பு. கம்ப்யூட்டரே கிடையாது, உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்கும், அந்தத் தட்டு எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்ப எரிபொருள் இடைவிடாமல் பாயும். அற்புதமான இயந்திர வேலை, மறுக்கவில்லை. ஆனால் காற்று நான்கு வாய்களால் நுழையும்போது அந்தத் தட்டுக்கு வேலையே இல்லை. எனவே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மின்னணு இன்ஜெக்டர்கள், 3 பார் ரெகுலேட்டர், எரிபொருள் ரெயில், தனி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று விடுபட்ட சக்கரம், அதைப் படிக்கும் சென்சர், காயில் பேக், புது வயரிங் என்று எல்லாமே வேண்டும். த்ராட்டில் பாடியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் மூச்சுவாங்குகிறார்கள்.

நான் போட்டது ஷ்ராப்ஷயரின் பிரிட்ஜ்னார்த்தில் உள்ள ஜென்வியின் 45 மில்லிமீட்டர் த்ராட்டில்கள். மாட்டும் வேலை பெரிய வித்தை இல்லை. ஆனால் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டில் வைத்துப் பார்த்து, ஹெட்டின் காற்று வாயான போர்ட்டும் மேனிஃபோல்டின் வாயும் விளிம்பு தட்டாமல் ஒன்றுகின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கேஸ்கெட்டின் ஓரம் கால் மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் விரலில் தெரியும். அதை வெட்டிச் சரிசெய்யாமல் மூடாதீர்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் சர்வோவுக்கு ஒரே குழாயிலிருந்து வெற்றிடம் எடுத்தால் போதாது. நான்கு குழாய்களிலிருந்தும் சிறு ஹோஸ் எடுத்து ஒரு சிறிய டப்பாவில் சேர்த்து, அங்கிருந்து ஒருவழி வால்வு வைத்து சர்வோவுக்குக் கொடுக்க வேண்டும். பிரேக் விஷயம், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனி முக்கியமான வேலை: நான்கையும் சமன் செய்வது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, காற்றோட்டத்தை அளக்கும் ஊசிமானியை ஒவ்வொரு ட்ரம்பெட்டின் (த்ராட்டிலின் முன்னே இருக்கும் எக்காளம் போன்ற குழாயின்) வாயிலும் அழுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சிலிண்டரில் ஊசி மணிக்கு 4 கிலோ காற்று என்று நின்றால் மற்ற மூன்றிலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். முதலில் காற்றுக்கசிவுத் திருகுகள் (தகட்டைத் தாண்டிக் கொஞ்சம் காற்றை விடுபவை) எல்லாவற்றையும் மூடிவிட்டு, தகடுகளை இணைக்கும் லிங்கேஜ் திருகை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் தகடுகளை ஒன்றாக்குங்கள். தகடுகள் ஒன்றான பிறகு மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டுக்குத்தான் கசிவுத் திருகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐடிலில் அழகாக நிற்கும். பெடலைத் தொட்டதும் இரண்டு சிலிண்டர் முந்தும், இரண்டு பிந்தும், கார் உதறும். சமன் செய்த பின் 2,000 சுற்றில் பிடித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். பிறகு த்ராட்டிலைச் சட்டென்று திறந்து மூடிவிட்டு ஊசி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் லிங்கேஜின் முனையில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேப்பிங்குக்கு (ஈசியூவில் எரிபொருள், இக்னிஷன் அட்டவணை எழுதும் வேலைக்கு) போவது பண விரயம்.

மேப்பிங்குக்கு மிட்லண்ட்ஸில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவரிடம் நான் கற்றது அதிகம். நான்கு த்ராட்டிலில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்து எரிபொருள் கணக்கிடுவது கடினம். அழுத்தம் துடித்துக்கொண்டே இருக்கும்; த்ராட்டில் கொஞ்சம் திறந்ததுமே வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடும், அதற்கு மேல் எவ்வளவு திறந்தாலும் சென்சருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் த்ராட்டில் கோணத்தையும் சுற்றுகளையும் வைத்துத்தான் மேப் எழுதுவார்கள். அவர் ஈசியூவைத் திறந்ததும் முதலில் செய்தது, அட்டவணையில் சம இடைவெளியில் இருந்த த்ராட்டில் புள்ளிகளை அழித்ததுதான். 0, 2, 4, 6, 9, 13 சதவீதத் திறப்பு என்று கீழே நெருக்கமாகவும், 50-க்கு மேல் விரல்விட்டு எண்ணும்படியும் மாற்றினார். முழுக்கத் திறந்த நிலைக்கும் பாதி திறந்த நிலைக்கும் இந்த எஞ்சினில் பெரிய வேறுபாடில்லை; 2 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் இடையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அன்றைய நேரத்தில் பெரும்பகுதியை அவர் அந்தச் சிறு திறப்புகளிலேயே செலவிட்டார். காரை நிறுத்தியபடி ஓட்டி அளக்கும் ரோலரின் பிரேக்கால் சுற்றுகளை ஒரே இடத்தில் கட்டி நிறுத்தி, ஒவ்வொரு கட்டமாக லாம்டா எண்ணை (காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டுவது) பார்த்து நிரப்பினார். முழுத் திறப்பில் காற்றும் பெட்ரோலும் 13-க்கு 1 என்ற அளவை ஒட்டி வைத்துவிட்டு, இக்னிஷனை ஒவ்வொரு டிகிரியாக முன்னே தள்ளி, இழுவிசை கூடுவது நின்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

பலன் என்ன? பழைய கேமோடு 150 குதிரைத்திறனை ஒட்டித்தான் வந்தது. பின்னர் 268 டிகிரி கேம் போட்டு மீண்டும் மேப் செய்தபோதுதான் 170-ஐத் தொட்டது. திறனைக் கொடுத்தது கேமும் மேப்பும். த்ராட்டில்கள் கொடுத்தது வேறு: மூன்றாம் கியரில் வளைவின் நடுவில் பெடலை ஒரு மயிரிழை அசைத்தாலும் காரின் மூக்கு அந்த அளவுக்கே பதில் சொல்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆண்டுச் சோதனை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை முடிய முதன்முதலில் சாலைக்கு வந்த பெட்ரோல் கார்களுக்கு பிரிட்டனில் வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,200 பங்கு). ஒழுங்காக மேப் செய்த கார் இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடும். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றங்கள் அனைத்தையும் சொல்லிவிடுங்கள்.

*

அண்ணா, உங்கள் கோல்ஃப் அனுபவத்தைப் படித்துவிட்டு லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது சிட்ரோயன் சாக்ஸோ விடிஎஸ், 1,587 சிசி, 120 குதிரைத்திறன். புது த்ராட்டில் வாங்க வசதியில்லாததால் சுஸூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் மோட்டார் சைக்கிளின் பழைய த்ராட்டில்களைப் போட்டேன். குறைந்த செலவில் செய்ய நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பைக் எஞ்சினில் சிலிண்டர்கள் நெருக்கமாக இருக்கும். கார் போர்ட்டுகளின் இடைவெளிக்கு ஏற்ப த்ராட்டில்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஷாஃப்ட்டுகளை இணைக்கும் லிங்கேஜையும் எரிபொருள் ரெயிலையும் நீட்ட வேண்டும். பல மாடல்களில் ஓட்டுபவர் கட்டுப்படுத்தும் தகட்டுக்கு மேலே, மோட்டாரால் இயங்கும் இரண்டாவது தகடு ஒன்று இருக்கும். அதை ஷாஃப்ட்டோடு எடுத்துவிட்டு, ஓட்டைகளைக் கசிவில்லாமல் அடைக்க வேண்டும். த்ராட்டிலையும் மேனிஃபோல்டையும் சிலிகான் ஹோஸால் இணைப்பதால் கிளிப் ஒன்று தளர்ந்தாலும் காற்று உள்ளே போகும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைந்து சூடாகும். கசிவு தேட எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சின்மேல் அடிக்கும் பழக்கம் இங்கே பலருக்கும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். புகை விட்டுப் பார்க்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது.

ஈசியூ மெகாஸ்குவர்ட். அதில் அழுத்தத்தையும் த்ராட்டில் கோணத்தையும் கலந்து பயன்படுத்தும் முறை தனியாக இருக்கிறது. ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் அழுத்தத்தைப் பார்க்கும், அதற்கு மேலே கோணத்தைப் பார்க்கும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் சொன்ன சிறு திறப்புப் பிரச்சினை பாதியாகக் குறைகிறது.

*

அண்ணா, நான் ரெனோ கிளியோ 182 ஓட்டுகிறேன். பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்களுக்கு மட்டும். த்ராட்டில் மாட்டும்போது 182-இல் இரண்டு விஷயங்களை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒன்று, அதன் பெடலில் கேபிள் கிடையாது, மின்னணு த்ராட்டில். கேபிள் பெடலுக்கு மாற்ற வேண்டும், அல்லது மோட்டாரை இயக்கத் தெரிந்த ஈசியூ வாங்க வேண்டும். இரண்டு, இன்லெட் கேமின் நேரத்தை மாற்றும் புல்லி. புது ஈசியூ அதையும் இயக்க வேண்டும். எந்தச் சுற்றில் இயக்குவது, எந்தச் சுற்றில் விடுவது என்பதை ரோலரில் இரு நிலைகளிலும் ஓட்டி, இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது சத்தத்தைப் பற்றி. திறந்த ட்ரம்பெட்டின் உறுமல் கேட்க எனக்கும் பிடிக்கும். பிரிட்டனில் டிராக்குகளில் நிறுத்திவைத்துச் செய்யும் சோதனையில், எக்ஸாஸ்ட்டின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 டிகிரி கோணத்தில் ஒலிமானியைப் பிடிப்பார்கள். அதில் காற்று உறிஞ்சும் சத்தம் அதிகம் பதிவாகாது. ஓடும்போது டிராக்கின் ஓரத்தில் உள்ள ஒலிமானி எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். காலையில் தேர்ச்சி பெற்ற கார் பத்து மணிக்குக் கறுப்புக் கொடி வாங்கி வெளியே நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ட்ரம்பெட்டுகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, முன் பம்பரிலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் மூலம் கொடுத்தால் சத்தம் அடங்கும், காற்றும் குளிரும், தூசியும் போகாது. வலை மட்டும் மாட்டிய ட்ரம்பெட் சிறு கல்லைத் தடுக்கும், மணலைத் தடுக்காது. மணல் போன சிலிண்டர் சுவர்களைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

*

கோல்ஃப் பற்றி எழுதிய நான் மீண்டும் எழுதுகிறேன். கிளியோ ஓட்டும் தங்கை சொன்னதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். கோல்ஃப் 16 வால்வில் இன்லெட் முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி இருக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் எஞ்சின் சுவாசிப்பது ரேடியேட்டர் விட்ட வெந்த காற்றைத்தான். நெரிசலில் நின்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவதை லேப்டாப்பில் பார்க்கலாம். சாக்ஸோ தம்பி சொன்ன கலப்பு முறையும் சரிதான், சாலைக் காருக்கு.

கேம் மாற்றும்போது இன்ஜெக்டர் எந்த அளவு போதும் என்று பலர் கேட்கிறார்கள். 180 குதிரைத்திறனுக்கு நான்கு இன்ஜெக்டர்கள் என்றால், ஒவ்வொன்றும் 85 சதவீத நேரமே திறந்திருக்கும்படி கணக்கிட்டால் நிமிடத்துக்கு 280 சிசி வரும். சற்றுக் கூட்டி 300-ஐ ஒட்டி வாங்குங்கள். மிகப் பெரியதாக வாங்கினால் ஐடிலில் சிறு அளவைத் துல்லியமாக விட முடியாமல் திணறும்.

கோணத்தை வைத்து மேப் செய்தவர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படிக்கும் சென்சரைக் கட்டாயம் வையுங்கள். த்ராட்டில் கோணத்துக்கு மலை தெரியாது. 100 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். வேல்ஸ் மலைகளில் சமாளித்துவிடலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,750 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கால் பங்குக்கும் மேல் குறைவு, ஆனால் ஈசியூ கடல்மட்டத்துக்கான பெட்ரோலையே ஊற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சென்சர் விலை மலிவு, பெரும்பாலான ஈசியூக்களில் அதற்கு இடமும் இருக்கிறது. மேப்பிங் நாளுக்கு முன்பே மாட்டிவிடுங்கள். பின்னால் சேர்த்தால் திருத்த அட்டவணையை மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.