பதில்: பள்ளிக்கூடத்துக்குச் சிறப்பு வகுப்பு – 15 பேருக்கா, எல்லாருக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

துபாய் அண்ணன் போட்ட மடலை இரண்டு தடவை படித்தேன். நம்ம தொடக்கப் பள்ளியில் நாலாவது, அஞ்சாவதில் நன்றாகப் படிக்கிற 15 பிள்ளைகளைப் பொறுக்கி, மன்னார்குடியிலிருந்து ஆள் வரவழைத்து அபாகஸும் (மணிச்சட்டத்தில் போடும் கணக்கு) ஸ்போக்கன் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கலாம், செலவு நம்ம ஊர்ச் சங்கத்துடையது என்கிறார். அண்ணன் மனசு எனக்குத் தெரியும். 2018-இல் கஜா புயல் அடித்துப் பள்ளிக்கூடத்து ஓடு பறந்தபோது முதல் ஆளாகப் பணம் அனுப்பியவர். ஆனாலும் இதற்கு என் ஓட்டு இல்லை. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் அறுபதுக்குள்தான். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி அதற்கு 2 ஆசிரியர்கள். பெரிய டீச்சரும் சின்ன டீச்சருமாக அஞ்சு வகுப்பையும் பார்க்கிறார்கள். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைக்கிறார்கள். ஒரு அறையில் ஒருத்தி எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்திலேயே இன்னொருத்தன் வகுத்தல் போடுகிறான். இதற்கு நடுவில் பாட்டு எங்கே, படம் எங்கே, விளையாட்டு எங்கே? மதியம் மூன்றரைக்கு மைதானத்தில் விடுகிறார்கள். பந்து ஒன்றுதான். பையன்கள் அதைத் துரத்துகிறார்கள், பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அரசாங்கம் ஆள் போடவில்லையா என்று மஸ்கட் மாமா கேட்டிருந்தார். போட்டது, ஆனால் நம்ம பள்ளிக்கு இல்லை மாமா. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு 3 அரைநாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். அதெல்லாம் ஆறாவதிலிருந்து எட்டாவது வரைக்கும்தான். சட்டத்திலேயே அந்த வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், அப்படி ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறது. ஒன்றாவதிலிருந்து அஞ்சாவது வரை படிக்கிற பிள்ளைக்கு டிராயிங் வாத்தியார் என்று ஒருவர் உண்டென்றே தெரியாது. (நாம் ஹைஸ்கூல் போன பிறகு மட்டும் என்ன வாழ்ந்தது? பி.இ.டி. (விளையாட்டு) பீரியடு வந்தால் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வருவார்.)

என் மகள் இங்கே சிங்கப்பூரில் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். ஒன்றாவது, இரண்டாவதில் ‘பால்’ என்று ஒரு வகுப்பு இருந்தது. பால் பாக்கெட் இல்லை, பி.ஏ.எல். வாரத்துக்கு 2 மணி நேரம்போல, பள்ளி நேரத்துக்குள்ளேயே. கொஞ்ச நாள் விளையாட்டு, கொஞ்ச நாள் கைவேலையும் ஓவியமும், அப்புறம் ஆட்டம் பாட்டு, அப்புறம் வெளியே கூட்டிப்போய்ச் செடி கொடி பார்ப்பது. முதல் ரேங்க் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஒரே வகுப்பு. வாய் திறக்காமல் இருந்த என் மகள் அந்த ஆட்ட வகுப்பில்தான் முதன்முதலில் சிநேகிதி பிடித்தாள்.

இதே சிங்கப்பூரில் 1984-இலிருந்து இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது படிக்கும்போது தேர்வு வைத்து, நூற்றில் ஒரு பிள்ளையைப் பொறுக்கி, 9 பள்ளிகளில் தனி வகுப்பு. அந்தத் தேர்வுக்கென்றே டியூஷன் கடைகள் முளைத்தன, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு. 2024 தேசிய தினப் பேருரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த ஏற்பாட்டை அதே உருவில் இனி நடத்தப்போவதில்லை, ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே செய்யும் என்று அறிவித்தார். பொறுக்குவதையே விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு, அவரவர் பள்ளியிலேயே என்று விரித்திருக்கிறார்கள். இத்தனை வசதி உள்ள நாடே அந்தப் பக்கம் திரும்பும்போது, அறுபது பேர்கூட இல்லாத நம்ம பள்ளியில் 15 பேரை மட்டும் தனியாக உட்காரவைத்தால் மற்ற பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். எந்தத் தெருப் பிள்ளை உள்ளே, எந்தத் தெருப் பிள்ளை வெளியே என்ற பேச்சும் வரும். வராது என்று யாராவது சொன்னால் அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை.

சரி, வேறென்ன செய்வது? ஆளுக்கு நாம் மன்னார்குடி போகவேண்டியதில்லை. வடக்குத் தெருவில் சிலம்ப வாத்தியார் இருக்கிறார், சாயங்காலம் நாலு பையன்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தபோது சிலம்பத்தையும் செய்துகாட்டும் விளையாட்டாகச் சேர்த்தார்கள், அதைச் சொன்னால் பெற்றோரும் மறுக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளும் கம்பு பிடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது ஆள், அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்பில் தன்னார்வலராக இருந்த கீழத்தெரு அக்கா. கதை சொல்வார், கும்மிக்குப் பாட்டுக் கட்டுவார். படமும் கைவேலையும் அவர் பொறுப்பு. ஓலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யத் தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை அக்கா கூட்டிவருவார். பெரியப்பா வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தக்கிளியில் நூல் நூற்றதை இங்கேயே எழுதியிருக்கிறீர்கள். கையால் ஒன்று செய்வது அன்றைக்குப் பாடமாகத்தானே இருந்தது?

பெரிய டீச்சரிடம் வாய்வழியாகப் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு பீரியடு தருகிறேன், ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுத்தான் வெளியாளை உள்ளே விடமுடியும் என்றார். நியாயம்தான்.

கணக்கு: ஒரு ஆளுக்கு ஒரு வெள்ளிக்கு 500. இரண்டு பேர், நாலு வெள்ளி, மாதம் 4,000. பத்து மாதத்துக்கு 40,000. பொருளுக்கு ஒரு 10,000 வைத்துக்கொள்ளுங்கள். அபாகஸ்காரர்கள் கேட்டது பிள்ளைக்கு மாதம் 600, 15 பிள்ளைக்கு 9,000. புத்தகம் தனி.

சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிற பழக்கம் நமக்கு உண்டு. நாம் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டரும் யு.பி.எஸ். பேட்டரி செத்ததிலிருந்து பூப்போட்ட துணிக்கடியில் இருக்கின்றன. அதற்கு நானும் பொறுப்பு, பேட்டரி வாங்கித் தருகிறேன் என்று சொன்னவன் நான்தான். ஆளுக்குச் சம்பளம் என்றால் மாதாமாதம் யாராவது அனுப்பியே ஆகவேண்டும். ஆகையால் மூன்று பேர் பெயர் கொடுங்கள், பத்து மாதத்தை ஆளுக்கு மூன்று நாலு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

குழுக் கூட்டம் 15-ஆம் தேதி. அதற்குள் சம்மதமோ மறுப்போ எழுதிவிடுங்கள். கம்புக்கு மூங்கில் எங்கள் கொல்லையிலேயே நிற்கிறது. இருபது வெட்டிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டார், குருத்தில் கை வைக்கக் கூடாதாம்.

அன்புடன்,
மேலத்தெரு தபால்காரர் மகன்
சிங்கப்பூர்