கம்ப்யூட்டர் சயின்ஸ் ஹானர்ஸ் எடுக்கலாமா, சாதாரணப் பிரிவே போதுமா?

புதுவரவு:
அடுத்த மாதம் கல்லூரியில் சேர்கிறேன். ஹானர்ஸ் பிரிவிலும் இடம் கிடைத்திருக்கிறது, நான்கு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பைத்தான் ஓரளவு எழுதுவேன், கணக்கில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் நிரூபணம் என்று உட்கார்ந்து எழுதியதெல்லாம் பள்ளி வடிவியலோடு சரி. ஹானர்ஸில் கூடுதல் பாடங்கள், கடைசி வருடம் ஓர் ஆய்வேடு. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போவதாகத்தான் இப்போதைக்கு எண்ணம். மதிப்பெண் அடிவாங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் வருத்தப்படுவேனோ என்றும் இருக்கிறது. எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

நிரலோடி:
நான் எடுத்தேன். முதல் மூன்று வாரம் தலைகால் புரியவில்லை. கோடிங் அதிகம் இருக்கும் என்று நினைத்துப் போனேன், வந்ததெல்லாம் "ஏன்" என்ற கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்களை வரிசையாக வைக்கும் ஓர் அரே இருக்கிறது, ஒரே ஓர் இடத்தில் தொடங்கி, நிரம்பியதும் இரட்டிப்பாகும். 1025-ஆவது எண்ணைப் போடும்போது பழைய 1024 எண்களையும் புது இடத்துக்கு நகலெடுக்க வேண்டும், பார்த்தால் பெரிய செலவு. ஆனால் தொடக்கத்திலிருந்து கூட்டினால் 1+2+4 என்று 1024 வரை மொத்தம் 2047 நகல்தான், ஓர் எண்ணுக்கு இரண்டுகூட வரவில்லை. சாதாரண வகுப்பில் "சராசரியாகச் செலவு குறைவு" என்று ஒரு வரியில் முடித்தார்கள், எங்களை எத்தனை எண்ணுக்கும் இது பொருந்தும் என்று எழுதிக் காட்டச் சொன்னார்கள். அதை எழுதி முடித்த ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்களுக்கும் அப்படி இருக்கும் என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

இரண்டாம்பாதை:
நான் இரண்டாம் செமஸ்டரோடு விலகினேன், அதில் வருத்தம் இல்லை. பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன், வாரத்துக்கு ஒரு பெரிய அசைன்மென்ட் என்றால் தாங்கவில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் சாதாரணப் பிரிவிலும் உண்டு. மிச்சமான நேரத்தில் இரண்டு புராஜெக்ட் முழுசாகச் செய்தேன், நான் போன இன்டர்வியூக்களில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள், ஹானர்ஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: நடுவில் விலக முடியுமா, விலகினால் அதுவரை முடித்த பாடங்கள் கணக்கில் வருமா? நான் கேட்காமல் சேர்ந்து ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

தாளும்பேனாவும்:
மேலே சொன்னது வேலைக்குச் சரி. ஆனால் மேற்படிப்பு ஆசை பிறகு வந்தால் ஆய்வேடு பெரிய உதவி, ஏனென்றால் ஒரு வருடம் கூடவே இருந்து உங்கள் வேலையைப் பார்த்த பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

எங்களிடம் கேட்பதைவிட இன்றைக்கே இதைப் போட்டுப் பாருங்கள். 8×8 கட்டப் பலகையில் ஏதாவது ஒரு கட்டத்தை எடுத்துவிடுங்கள். மீதி 63 கட்டங்களையும், மூன்று கட்டம் கொண்ட எல் வடிவத் துண்டுகள் 21-ஐ வைத்து மூட வேண்டும். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் முடியும் என்று நிரூபியுங்கள். விடையைத் தேடிப் படிக்காதீர்கள். விடை வருகிறதா என்பது முக்கியமில்லை, ஒரு மணி நேரம் கழித்தும் எழுந்துபோக மனசு வரவில்லையா என்று பாருங்கள்.

புதுவரவு:
ராத்திரி உட்கார்ந்தேன். 2×2 உடனே வந்துவிட்டது. 4×4-ல்தான் மாட்டிக்கொண்டேன். பலகையை நான்காகப் பிரித்து, நடுவில் ஒரு துண்டை வைத்தால், குறையில்லாத மூன்று பகுதியிலும் ஒவ்வொரு கட்டம் அடைபட்டு, நான்கும் அதே கணக்கின் சின்ன வடிவமாகிவிடுகிறது என்று பிடிபட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் 8×8-க்கு எதுவும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை! காலையில் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன், முதல் வருட முடிவில் விலகலாமாம், பாடங்களும் கணக்கில் வருமாம். மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஹானர்ஸுக்குச் சரி சொல்லிவிட்டேன்.