காகிதக் குடை, காகிதக் கூடை, காகித வீடு: தாளின் வலு எதில் இருக்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆண்டு முடிவில் மாணவர்களிடம் சேர்ந்துவிடும் பழைய நோட்டுகளை எடைக்குப் போடாமல், அவற்றிலிருந்து அவர்களே பயனுள்ள பொருள்களைச் செய்ய வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறேன்.

முதலில், ஜப்பானியக் காகிதக் குடையின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மூங்கில் சிம்புகளின் மேல் நோட்டுத் தாளை ஒட்டி, தண்ணீர் புகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினோம். பத்து முறை விரித்து மடக்குவதற்குள் மடிப்புத்தோறும் தாள் கிழிந்துவிட்டது; எண்ணெய்ப் பிசுக்கும் கடைசி வரை காயவே இல்லை. அடுத்து, என் பாட்டி செய்து பார்த்த காகிதக் கூடையை முயன்றோம். அவர் தாளை நாள் கணக்கில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் காயவிடுவார். அந்தக் கூடையில் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் மிளகாய் வற்றல் இருந்தது. பிள்ளைகள் செய்த கூடைகளோ ஒரே வாரத்தில் நாற்றமெடுத்துப் பூசணம் பிடித்துவிட்டன.

"காகிதத்துக்கு இவ்வளவுதான் டீச்சர் வலு" என்று ஒரு மாணவி சொன்னாள். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியர்கள் கூழில் ஏதோ ஒரு செடியின் வேர்ப்பசையைச் சேர்ப்பதாகப் படித்தேன். தாளை உறுதியாக்கும் பசை அதுதானா? வெண்டைக்காய்ப் பசையைச் சேர்த்தால் எங்களுக்கும் அது கைகூடுமா?

மறுமொழி 1

அம்மா, கையால் காகிதம் செய்யும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஐயத்தில் பாதி சரி. அந்தச் செடியின் பெயர் தொரொரோ-அவோய். அது உண்மையிலேயே நம் வெண்டையின் உறவுதான். ஆனால் அதன் வேரிலிருந்து எடுக்கும் வழவழப்பு நீர் பசை அன்று. தொட்டியில் இருக்கும் தண்ணீரை அது சற்றுக் கொழகொழப்பாக்குகிறது. அதனால் நீளமான நார்கள் ஒன்றோடொன்று சுற்றிக் கட்டியாகாமல் தனித்தனியே மிதக்கின்றன, சல்லடைச் சட்டத்தின் வழியே தண்ணீரும் மெதுவாக வடிகிறது. வடியும் நேரம் கூடுவதால், சட்டத்தை முன்னும் பின்னும் ஆட்டி, மெல்லிய படலத்தின் மேல் படலமாகத் தாளை உருவாக்க முடிகிறது. தாளை உறுதியாக்குவது நார்தான்.

வாஷி எனப்படும் அந்தத் தாளுக்குப் பெரும்பாலும் கோசோ என்ற காகித முசுக்கொட்டையின் உள்பட்டை பயன்படுகிறது. அந்த நார் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். நம் நோட்டுத் தாள் பெரும்பாலும் யூக்கலிப்டஸ் போன்ற மரங்களின் கூழிலிருந்தோ, கரூர் மாவட்டம் புகளூரில் 1984 முதல் செய்துவருவது போலக் கரும்புச் சக்கையிலிருந்தோ வருகிறது; அவற்றின் நார் ஒரு மில்லிமீட்டரைச் சற்று ஒட்டியே இருக்கும். போதாக்குறைக்கு, தாள் வெளுப்பாக இருக்கச் சுண்ணத் தூளையும் கலக்கிறார்கள். எழுதுவதற்கு அது மிக நல்ல தாள், ஆனால் ஒரே கோட்டில் நூறு முறை மடிப்பதற்கு ஏற்றதன்று. மடிப்பின் இரு பக்கங்களையும் எட்டிப் பிடிக்கும் நீளம் அந்த நாருக்கு இல்லை.

உங்கள் குடையில் இன்னொரு தவறு எண்ணெய். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படலமாகும் எண்ணெய்தான் குடைக்கு வேண்டும். நமக்கு எளிதாகக் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே அதை விரித்துக் காயப்போடுங்கள்; இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

நீண்ட நாரும் தகுந்த பூச்சும் சேர்ந்தால் தாள் எதுவரை போகும் என்பதற்கு, உங்கள் மாணவியிடம் கமிகோவைப் பற்றிச் சொல்லுங்கள். அது வாஷியில் கொன்னியாக்குக் கிழங்கின் பசையைப் பூசி, கையால் கசக்கிக் கசக்கி மென்மையாக்கித் தைக்கும் ஆடை. கொன்னியாக்கு நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடக்கும் நோன்புச் சடங்கில் துறவிகள் இன்றும் அந்தக் காகித ஆடையை அணிகிறார்கள். அதே தாளும் அதே கிழங்குப் பசையும் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குக் குண்டு சுமந்து சென்ற பலூன்களாகவும் ஆயின. அவற்றை ஒட்டும் வேலையில் பள்ளிச் சிறுமிகளை ஈடுபடுத்தியதும், ஒரேகன் மாநிலத்தில் விழுந்து கிடந்த ஒரு பலூனால் ஐந்து பிள்ளைகளும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் மாண்டதும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. கைத்தொழிலை நேசிக்கும் எனக்கு அதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் விட்டுவிட முடியவில்லை.

மறுமொழி 2

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாகக் கொலுப் பொம்மை செய்கிறவர்கள். ஆகையால் கூடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கூடை கெட்டது தாளால் அல்ல, ஈரத்தால். பிள்ளைகள் ஒரே நாளில் விரற்கடைத் தடிமனுக்குக் கூழை அப்பியிருப்பார்கள். வெளிப்பக்கம் காய்ந்து ஓடு போல இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் புழுங்கும். பூசணம் அங்கிருந்துதான் கிளம்பும். அரைத்த கூழைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிட்டு, தோசை கனத்துக்கு ஒரு பூச்சு பூசி, அது முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த பூச்சைப் பூச வேண்டும். உங்கள் பாட்டியும் இந்த வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலில்தான் வைத்துக்கொண்டிருப்பார். ஐப்பசியில் யாரும் காகிதக் கூடை போட மாட்டார்கள். பானையின் மேல் முதலில் ஈரத் துணியைப் போர்த்திவிட்டால் கூடை சுலபமாகக் கழன்று வரும்.

வெந்தயத்தின் கொழகொழப்பு கூழைச் சேர்த்துப் பிடிக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அளவு கூடினால் காய்வதற்கு நாளாகும், கைப்பிடியளவு போதும். பொம்மைக்கு நாங்கள் புளியங்கொட்டைப் பசையோ மைதாப் பசையோ சேர்ப்போம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கமும் உண்டு. அது நஞ்சு என்பதால் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், தின்பண்டம் வைக்கும் கூடைக்கு அறவே கூடாது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடிப்பாகம் கனத்த களிமண். மேலே உடலும் தலையும் காகிதக் கூழ். மேலே கனம் இல்லாததால்தான் எப்படிச் சாய்த்தாலும் அது எழுந்து நிற்கிறது. காகிதம் லேசாக இருப்பதைக் குறையாகக் கருதாமல், அதையே அந்தக் கைவினைக்கு அடிப்படையாக்கியிருக்கிறார்கள்.

மறுமொழி 3

நான் கட்டடப் பொறியாளர். நோட்டுத் தாளின் குறுகிய நாரைக் கொண்டே வலுவான பொருள் செய்ய முடியும் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். அதற்குத் தாளை மடிக்காமல் சுருட்ட வேண்டும். நூற்பாலையில் நூல் சுற்றும் கோனும் சிவகாசிப் பட்டாசின் குழலும் சுருட்டிய காகிதம்தான்.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் இந்தக் காகிதக் குழாய்களைத் தூண்களாகவே பயன்படுத்தியவர். 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, வீடிழந்தவர்களுக்கு அவர் காகிதக் குழாய்ச் சுவர்களால் வீடுகள் அமைத்தார். மணல் நிரப்பிய பீர் பெட்டிகளே அவற்றின் அடித்தளம். எரிந்துபோன ஒரு தேவாலயத்தின் இடத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு 58 காகிதக் குழாய்களால் ஒரு கூடம் எழுப்பினார். தற்காலிகமாக நினைத்த அந்தக் கூடம் பத்தாண்டு நின்று, பிறகு பிரித்தெடுக்கப்பட்டுத் தைவானில் மீண்டும் கட்டப்பட்டது. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் பகுதியிலும் அவர் காகிதக் குழாய் வீடுகளைக் கட்டினார். அங்கே பீர் பெட்டி கிடைக்காததால் இடிபாட்டுக் கற்களையே அடித்தளமாக்கி, அதன் மேல் மண் தரை மெழுகி, கூரைக்கு மூங்கிலையும் பாயையும் பயன்படுத்தினார்கள். அந்தந்த ஊரில் கிடைப்பதைக் கொண்டு கட்டிய இந்த நேர்மையே என்னை அவருடைய வேலையில் மிகவும் ஈர்க்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு குறிப்பு. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளைக் கிழித்தால் அந்தத் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். நாரின் திசை குழாயின் நீளவாட்டில் அமையும்படி சுருட்டினால் சுருட்டுவதும் எளிது, நெட்டுக்குத்தாக நிறுத்தும்போது பாரமும் கூடுதலாகத் தாங்கும். ஈரம் மட்டும் ஆகாது. நார்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பு தண்ணீரில் தளர்ந்துவிடும் என்பதால், கட்டடக் குழாய்களுக்கும் மேற்பூச்சு தேவைப்படுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. இன்று காலை நோட்டுத் தாளைக் கிழித்துப் பார்த்தோம். நீங்கள் சொன்னவாறே ஒரு வாட்டில் நேராகவும் மறுவாட்டில் கோணலாகவும் கிழிந்தது. பிறகு நான்கு தாள்களை நார்த் திசையில் சுருட்டி, நூலால் கட்டி நிறுத்தி, மேலே ஓர் அட்டையை வைத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினோம். வலுவைப் பற்றிச் சொன்ன அதே மாணவிதான் அடுக்கினாள். பதினேழாவது புத்தகத்தில் ஒரு குழாய் சரிந்தது. சரிந்த குழாயைப் பிரித்துப் பார்த்து, அதை மட்டும் குறுக்கு வாட்டில் சுருட்டியிருந்ததை அவளே கண்டுபிடித்தாள். கூடை வேலையைச் சித்திரைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது, ஐயா. எங்கள் ஊர் வேலியோரம் முசுக்கொட்டைச் செடிகள் உண்டு. பட்டுப்புழுவுக்கு இலை பறித்த பிறகு கவாத்து செய்து எறியும் குச்சிகளின் பட்டையிலிருந்து நார் எடுக்க முடியுமா?

மறுமொழி 1

எடுக்கலாம், அம்மா. பட்டுப்புழு வளர்க்கும் முசுக்கொட்டையும் கோசோவும் ஒரே குடும்பம். குச்சிகளை ஆவியில் வேகவைத்தால் பட்டை உரிந்து வரும். கறுத்த மேல்தோலைச் சுரண்டி நீக்கிவிட்டு, உள்பட்டையைச் சலவைச் சோடாக் கரைசலில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, நன்றாக அலசி, மரக்கட்டையால் அடித்துப் பிரிக்க வேண்டும். அரைக்க வேண்டாம், அரைத்தால் நார் அறுந்து அதன் நீளம் வீணாகும். கொதிக்கும் கரைசலின் அருகே பிள்ளைகள் வரக்கூடாது, அடிக்கும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம். வெண்டைச் செடியை வேரோடு பிடுங்கும் நாளில் அந்த வேர்களை எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். நசுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த வழவழப்பு நீர் தொட்டிக்கு உதவுகிறதா என்று பார்த்துவிடுவோம்.