ராபரி கேஸ் என்றால் அமெரிக்காவில் வன்முறைக் குற்றமா?

தம்பி, ரூம்மேட்டை ராபரி கேஸில் பிடித்துவிட்டார்கள், ஃபெடரல் சட்டத்தில், அதாவது மத்திய அரசின் சட்டத்தில், அது வன்முறைக் குற்றமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. தெரிந்தவர் ஒருவருக்காக இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அது ராபரிதானா என்று பாருங்கள். ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்தாலும் நாம் 'ராபரி' என்றுதான் சொல்கிறோம். இங்கே அது பர்க்லரி. கடையில் பொருளைச் சுருட்டினால் தெஃப்ட். எதிரில் இருக்கும் ஆளை அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால்தான் ராபரி, அதாவது நம்ம ஊர் வழிப்பறி. சார்ஜ் பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலான ராபரி கேஸ்கள் மாநிலக் கோர்ட்டில்தான் நடக்கும். பேங்க் கொள்ளை, வியாபாரத்தைப் பாதிக்கும் கொள்ளை என்றால் ஃபெடரல் உள்ளே வரும். வியாபாரத்தைப் பாதிக்கும் கொள்ளைக்கு ஹாப்ஸ் என்ற ஃபெடரல் சட்டப்படி 20 வருடம் வரை தண்டனை உண்டு.

அப்புறம் உங்கள் கேள்வி. கொள்ளை நடந்து முடிந்திருந்தால் பெரும்பாலும் 'ஆம்'. ஹாப்ஸ் சட்டக் கேஸில் முயற்சியோடு நின்றிருந்தால் 'இல்லை'! 2022இல் டெய்லர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது. அந்தச் சம்பவத்தில் கூட்டாளி சுட்டு ஒருவர் செத்தேபோனார் என்பதைக் கேட்டால் தலை சுற்றும். என்ன நடந்தது என்பதை இந்தக் கேள்விக்குக் கோர்ட் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்தை நிரூபிக்க, பலத்தைப் பயன்படுத்தியதையோ மிரட்டியதையோ கட்டாயம் காட்டியாக வேண்டுமா என்று சட்டத்தின் வார்த்தைகளை மட்டும்தான் பார்க்கிறது. மிரட்டும் எண்ணத்தோடு போகிறவனை வழியிலேயே மடக்கினாலும் அது முயற்சிதான். அவன் இன்னும் யாரையும் மிரட்டவில்லையே.

பலம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு 2019இல் ஸ்டோக்லிங் வழக்கு. அது கிட்டத்தட்ட நம்ம ஊர் செயின் பறிப்பு. பறிகொடுப்பவரின் எதிர்ப்பை மீறும் அளவுக்குப் பலம் இருந்தாலே போதும் என்றார்கள் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள், அதுவும் 5-4 என்று பிரிந்து.

'வன்முறைக் குற்றம்' என்ற பெயருக்கு ஏன் இவ்வளவு சண்டை என்றால், அந்தக் குற்றத்தில் துப்பாக்கியும் இருந்தால் ஃபெடரல் சட்டப்படி மூல தண்டனைக்கு மேல் குறைந்தது 5 வருடம் தனியாகச் சேரும். அதைக் காட்டி மிரட்டினால் 7, சுட்டால் 10.

ஆனால் விசாவில் இருக்கும் நமக்கு வன்முறையா இல்லையா என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது. வன்முறைக் குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதித்தால் அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது குடியேற்றச் சட்டம் கடுமையாகப் பார்க்கும் குற்றம், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். வன்முறை இல்லை என்று தப்பினாலும், திருட்டுக் குற்றம் என்ற தனிப் பிரிவில் அதே ஒரு வருடக் கணக்கு காத்திருக்கிறது. தண்டனையை நிறுத்திவைத்து ஜெயிலுக்கே அனுப்பாவிட்டாலும் கணக்கில் சேரும். "குற்றத்தை ஒப்புக்கொள், ஜெயில் இல்லாமல் புரொபேஷன் என்ற கண்காணிப்போடு போய்விடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். குடியேற்ற விளைவுகளை எடுத்துச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது. கையெழுத்துக்கு முன் இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரும் அந்தப் பேப்பரைப் பார்க்கட்டும்.

இன்னொன்று, ஜெயிலிலிருந்து அவர் போன் செய்தால் கேஸைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்துங்கள். அந்த அழைப்புகள் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நாங்களும் நினைத்தோம். மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள்.