அந்தக் கசட்டும் சில கிரிக்கெட் சேர்மாரும்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கல்லடிப் பாலம் எழுதியது:

போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கெமராவில் போடுகிற ஒரு மினி டிவி (Mini DV) கசட் அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் '2005 ஓகஸ்ட், கிரிக்கெட் சேர்' என்று இருக்கிறது. போட்டுப் பார்க்க இப்போது என்னிடம் அந்தக் கெமரா இல்லை. ஆனால் உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம். அதைச் சொல்கிறேன், உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். வந்த ஆளின் பெயர் வேண்டாம். படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் எனக்கு வேண்டும்.

அப்போது நான் மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாள். கல்யாண வீடு, சாமத்திய வீடு, அதைவிட்டால் கோயில் தீமிதிப்பு. சுனாமிக்குப் பிறகு எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது: உதவி கொடுக்க வருகிறவர்களைப் படம் பிடிப்பது. வள்ளம் கொடுத்தால் படம், வலை கொடுத்தால் படம், கிணறு இறைத்தாலும் படம். அந்த வருடம் கல்யாண வீட்டில் உழைத்ததைவிட அதில்தான் கூட உழைத்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. கிரிக்கெட் வீரர் ஒருவர் சுனாமியில் வீடிழந்த நாவலடிச் சனங்கள் இருந்த தற்காலிகக் கொட்டில்களுக்கு வந்து பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் கொடுப்பாராம். வானில் வந்த பெண்ணிடம் ஒரு பட்டியல் இருந்தது. வீரர் மணலில் நடந்து வரவேண்டும். ஒரு பிள்ளை சிரிக்க வேண்டும். ஒரு அம்மம்மா வேண்டும். தண்ணீர்ப் போத்தல் எதுவும் படத்தில் விழக்கூடாது, அனுசரணைக் கம்பனியின் போத்தல் என்றால் விழலாம். உள்ளூர் நிருபர்களுக்குத் தனியாக ஒரு தாள்: அணித் தெரிவு, சம்பளம், அரசியல் மூன்றையும் பற்றிக் கேட்கக்கூடாது. வீரருக்கு 'வணக்கம்' மட்டும் தெரியும். மட்டக்களப்பின் பேர்போன பாடும் மீன் பற்றி ஒரு வசனம் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அவர் வாயில் ஆடும் மீனாக வந்தது.

அங்கே ஒரு பொடியன், ஒன்பது பத்து வயது இருக்கும். தாயையும் இரண்டு தங்கச்சிமாரையும் கடல் கொண்டுபோன பிள்ளை. மட்டை வாங்க அவனைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். வீரர் வந்து நின்றதும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "சேர், இஞ்சால நில்லுங்க. அங்க நிண்டா வெயில் பின்னால அடிக்கும், மூஞ்சி கறுப்பா விழும்." பிறகு பக்கத்தில் நின்ற சின்னவனிடம், "இப்ப சிரிக்காத மனே. சும்மா பாத்துக்கொண்டு நில்லு. மட்டயத் தந்தாப்புறகு சிரி."

எனக்குக் கை உறைந்துபோனது. சுனாமி வந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அந்தக் கொட்டிலுக்கு மந்திரிமார் வந்தார்கள், வெள்ளைக்காரர் வந்தார்கள், பாட்டுக்காரர்கூட வந்தார்கள். எல்லாக் கெமராவும் அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறது. வானில் வந்தவளுக்குத் தெரிந்த தொழில் அவனுக்கும் தெரியும்.

வீரர் கூடவந்த அதிகாரியிடம், பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்டார். அதிகாரி யோசிக்கவே இல்லை. "உங்களை அவனுக்கு நல்ல விருப்பமாம் சேர்" என்றார் சிங்களத்தில். வீரர் உருகிப்போய்ப் பொடியனின் தலையைத் தடவினார். பொடியன் சொன்ன இடத்தில்தான் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். படம் அருமையாக விழுந்தது.

மட்டை கொடுப்பதை மூன்று தரம் எடுத்தோம். பன்னிரண்டு மட்டையில் ஏழு திரும்பவும் வானில் ஏறின. அடுத்த இடம் கல்முனைப் பக்கமாம்.

ஓட்டோக்காரன் எழுதியது:

2010 இல் வெபர் மைதானத்தில் ஒரு காட்சிப் போட்டி. வந்தவரின் வான் பழுதாகி, என்னுடைய ஓட்டோவில் லொட்ஜுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கத் தாயின் முழங்கால் வருத்தத்தைப் பற்றியே கதைத்தார், மருந்து எண்ணெய் எங்கே வாங்கலாம் என்றும் கேட்டார். லொட்ஜுக்கு நூறு யார் முன்னாலேயே அவருடைய ஆள் ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டார். வாசலில் நிருபர்கள் நிற்கிறார்களாம், ஓட்டோவில் வந்து இறங்கினால் மரியாதை இல்லையாம்.

இப்போது பாருங்கள், பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறவனும் ஓட்டோவில் ஏறிச் செல்பி போடுகிறான். நான்தான் பத்து வருடம் முந்திவிட்டேன்.

சாய்ந்தமருது காக்கா எழுதியது:

எங்கள் கழகத்தின் கடினப்பந்துச் சுற்றுப்போட்டிக்குப் பழைய தேசிய வீரர் ஒருவரைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டோம். வர ஒத்துக்கொண்டார், காசும் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் முதல்நாள் இரவு அவருடைய முகாமையாளர் போன் எடுத்தார். மேடைப் பெனரில் எந்தத் தொலைபேசிக் கம்பனி இருக்கிறது? சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இவர் வேறொரு தொலைபேசிக் கம்பனியின் விளம்பரத் தூதுவர். அந்தச் சின்னத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் வெளியே வந்தாலும் ஒப்பந்தம் முறியுமாம்.

எங்களுக்கு ஜேர்சி தந்ததே அந்தக் கம்பனியின் ஊர் முகவர்தான். இரவு பத்து மணிக்கு என்ன செய்வது? உம்மாவின் பச்சைச் சாரியை எடுத்து வந்து, சின்னம் இருந்த பக்கத்தை மட்டும் மறைத்துக் கட்டினோம். காலையில் முகவர் வந்து சாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதிதி பேசும்வரை சாரி, பரிசளிப்பின்போது பெனர் என்று ஒரு சமாதானம் செய்தோம். காற்று வீசினபோதெல்லாம் எனக்கு நெஞ்சு இடித்தது. கடலோரத்தில் காற்று வீசாத நேரம் ஏது?

இதைச் சொன்னதும் தென்னாபிரிக்காவுக்கு ஆடிய முஸ்லிம் வீரர் ஹஷிம் அம்லா நினைவுக்கு வருகிறார். அப்போது அந்த அணியின் அனுசரணை ஒரு பியர் கம்பனி. மற்றவர்கள் அந்தச் சின்னத்தோடு விளையாட, இவருடைய சட்டையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கம்பனியும் சபையும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தன. எங்கள் பகுதியில் அப்போது டிவி பார்த்த ஒவ்வொரு பொடியனுக்கும் இது தெரியும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதை வைத்தே எங்கள் கழகத்தில் ஒரு சண்டை வந்தது. அதற்கு முந்தின வருடம் ஜேர்சி தந்தது ஒரு லீசிங் கம்பனி. வட்டிக் காசின் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடமாட்டோம் என்று மூன்று பேர் நின்றுவிட்டார்கள். "அம்லா கழற்றினார்தானே காக்கா" என்றார்கள். கடைசியில் சின்னத்தின்மேல் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி ஆடினார்கள். அந்த மூவரில் ஒருவன் மோட்டார் சைக்கிள் எடுத்திருந்ததும் அதே கம்பனியில்தான் என்பது வேறு கதை.

எல்லாருக்கும் அம்லாவைப்போல் அமைவதில்லை. இங்கிலாந்து வீரர் மொயீன் அலி 2014 இல் சவுத்ஹாம்ப்டன் டெஸ்டில் காஸாவுக்காகக் கைப்பட்டி கட்டி ஆடினார், கழற்றச் சொன்னார்கள். 2023 கடைசியில் அவுஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா பேர்த் டெஸ்டில் கறுப்புப் பட்டி கட்டி ஆடினார், சர்வதேச கிரிக்கெட் சபை (ஐசிசி) கண்டித்தது. பியர் சின்னத்தை எடுக்கலாம், ஆனால் சொந்தமாக ஒன்றைப் போடக்கூடாது. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

பொத்துவில் அலை எழுதியது:

எங்கள் பக்கம் கிரிக்கெட் இல்லை, அலைதான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு அறுகம்பே செத்துக் கிடந்தது. மே மாதம் சீசன் தொடங்க வேண்டிய நேரத்தில் ரொட்டிக்கடை அடுப்பு எரியவில்லை. அந்த செப்டெம்பரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி ஒன்றை இங்கே வைத்தார்கள். அலைக்கு வைத்த போட்டி மட்டும் அல்ல அது. 'இலங்கைக்கு வரலாம், பயமில்லை' என்று உலகத்துக்குக் காட்டவும்தான். அதில் எனக்குக் குறை இல்லை. எங்களுக்கு அது தேவைப்பட்டது.

குறை வேறு. அதற்குப் பிறகு ஒரு அலைச்சறுக்குப் பலகைக் கம்பனி தன்னுடைய ஆளை வைத்து விளம்பரப் படம் எடுக்க வந்தது. நான் சமையலுக்கும் எடுபிடிக்கும் நின்றேன். கரையில் கிடந்த இயந்திரப் படகுகளையும் நீலப் படங்குகளையும் தள்ளிவைக்கச் சொன்னார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை வேண்டுமாம். சரி, மீனவர்களோடு கதைத்துத் தள்ளிவைத்தோம். ஒரு மணித்தியாலம் எடுத்தார்கள். பிறகு வெறுமையாக இருக்கிறதாம், ஒரு மீனவர் வேண்டுமாம், ஆனால் மரத் தோணியோடு வேண்டுமாம். மாமா ஒருவர் சொன்னார், "தம்பி, இவங்களுக்கு நாங்களும் வேணும், எங்கட எஞ்சின் மட்டும் வேணாம் போல."

அந்த வீரர் தாகத்துக்கு என்னிடம் சோடா வாங்கிக் குடித்தார். உடனே ஒரு பெடியன் ஓடிவந்து போத்தலின் பெயரை மறைத்து டேப் சுற்றிவிட்டான். கால்பந்து வீரர் ரொனால்டோ 2021 இல் அனுசரணைக் கம்பனியின் இரண்டு சோடாப் போத்தலைக் கையால் தள்ளிவைத்தது உலகம் முழுக்கச் செய்தி. இங்கே ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு பெடியன் டேப்போடு ஓடுகிறான்.

களுவாஞ்சி அக்கா எழுதியது:

நான் அந்த வெள்ளை வானில் வந்தவள் அல்ல, ஆனால் அதே தொழில் செய்தவள். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு சில வீரர்களின் பேஸ்புக் பக்கங்களை மூன்று மொழியிலும் நடத்தினேன். பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் வாழ்த்தெல்லாம் வருடத் தொடக்கத்திலேயே தயார். போட்டி நாளில் இரண்டு பதிவு எழுதி வைப்போம், ஒன்று வென்றால், மற்றது தோற்றால். ஒருமுறை தோற்ற இரவில் வென்ற பதிவைப் போட்டுவிட்டேன். நாலு நிமிடம்தான் இருந்தது. அந்த நாலு நிமிடத்தில் வாங்கின ஏச்சு இந்தப் பிறவிக்குப் போதும்.

2021 ஜூன் மாதத்தை மறக்கமாட்டேன். இலங்கை அணி இங்கிலாந்தில் டி20 தொடரை 3-0 என்று தோற்றது. அதோடு டர்ஹம் நகரில் மூன்று வீரர்கள் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே நின்ற வீடியோ பரவியது. அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், பிறகு ஒரு வருடத் தடை. இங்கே ரசிகர்கள் வீரர்களின் பக்கங்களைப் பின்தொடர்வதைக் கூட்டமாக நிறுத்தத் தொடங்கினார்கள். எங்கள் ஆள் அந்த மூவரில் இல்லை, ஆனாலும் எண்ணிக்கை கண்ணுக்கு முன்னால் இறங்கியது. மேலிடம் சொன்னது, பத்து நாள் வாய் திறக்காதே. நான் கருத்துகளை மட்டும் வாசித்துக்கொண்டு இருந்தேன். தமிழில் ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, போஸ்ட் வேண்டாம், பந்தைப் பிடிங்க." அதை அறிக்கையில் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்ல வேலை எதையும் எங்களைப் போன்றவர்கள் செய்யவில்லை. பந்தைப் போடாமல் எறிகிறார் என்று குற்றம் சாட்டப்பட்ட சுழற்பந்து வீரர் முரளி 2004 இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில், கையை மடக்க முடியாதபடி இரும்பு வைத்த பட்டியைக் கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்புகிற தூஸ்ரா உட்பட எல்லாப் பந்தையும் போட்டுக் காட்டினார். அறிக்கை விட்டிருந்தால் அடுத்த நாளே மறந்திருப்பார்கள். அதே முரளி 2020 ஒக்டோபரில், தன் வாழ்க்கைப் படம் பற்றித் தமிழ்நாட்டில் எதிர்ப்பு வந்தபோது விளக்க அறிக்கை விட்டார். அது எடுபடவில்லை. கடைசியில் படத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி விஜய் சேதுபதியை அவரே கேட்டுக்கொண்டார், அவரும் விலகினார். இலங்கையில் தமிழனாகப் பிறந்து சிங்களக் கூட்டத்துக்கும் பிடித்தவராக இருக்கிற ஒரு மனிதரை எந்த நிறுவனத்தாலும் இரண்டு பக்கத்துக்கும் விளக்க முடியாது. நான் முயன்று பார்த்த அளவில் சொல்கிறேன்.

மன்னிப்பும் அப்படித்தான். கோல்ஃப் வீரர் டைகர் வூட்ஸ் மனைவிக்குச் செய்த துரோகத்துக்கு 2010 இல் மன்னிப்புக் கேட்டபோது ஒரு கேள்வியும் எடுக்காமல் தாளைப் பார்த்து வாசித்தார். அவுஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் 2018 இல் பந்தைச் சுரண்டிய விவகாரத்தில் சிட்னி விமான நிலையத்தில் நின்று அழுதார், தகப்பன் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பயிற்சி வகுப்பில் இரண்டையும் போட்டுக் காட்டி, இரண்டாவதைப்போல் செய்யுங்கள் என்றார்கள். எப்படிச் செய்வது? தகப்பனையும் பட்டியலில் சேர்ப்பதா?

கல்லடிப் பாலம், அந்த அதிகாரி மொழிபெயர்த்ததைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நானும் அதுதான் செய்தேன். ஊர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதுகிற கேள்விகளை வீரருக்குச் சொல்லும்போது, "வாழ்த்துச் சொல்கிறார்கள்" என்றுதான் பாதி நேரம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்துக்கு ஏன் லங்கா பிரிமியர் லீக்கில் (எல்பிஎல்) ஒரு அணி இல்லை என்று ஒரு பொடியன் வாரா வாரம் கேட்பான். ஒருநாளும் சொல்லவில்லை.

கசட்டைக் கணினியில் பார்க்கிற மாதிரி மாற்றித் தர எனக்கு ஆள் இருக்கிறது. அனுப்பிவிடுங்கள்.

கல்லடிப் பாலம் எழுதியது:

அக்கா, நன்றி. திங்கட்கிழமை இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், நடத்துனர் தெரிந்தவர்.

மேலே இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள், அந்தப் பொடியன் இப்போது எங்கே என்று. திராய்மடுவில் வீடு கிடைத்துப் போனதுவரைதான் எனக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். மாற்றும்போது சத்தத்தில் கை வைக்க வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொல்லுங்கள். கொழும்பில் வெட்டிய வீடியோவை அந்த வருடமே ஒருதரம் டிவியில் பார்த்தேன். பொடியன் "இஞ்சால நில்லுங்க" என்று சொல்கிற இடத்தில் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள்.