ஆறு மாச நர்சிங் அசிஸ்டண்ட் கோர்ஸ் முடிச்சா நர்சிங் கவுன்சில் பதிவு நம்பர் கிடைக்குமா? (கடலூர்)

கேள்வி: வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர், பிளஸ் டூ முடிச்சிருக்கேன். இங்க ஒரு இன்ஸ்டிட்யூட்ல "ஆறு மாசம் படிச்சா நீ நர்ஸ், கவுன்சில்ல பதிவும் பண்ணித் தர்றோம்"னு சொல்றாங்க. பணம் கட்டலாமா அக்கா?

பதில் (புதுச்சேரி, வார்டு வேலை): கட்டாதம்மா. நர்ஸா வேலை பார்க்கத் தேவையான நர்சிங் கவுன்சில் பதிவு ஏஎன்எம் (துணை நர்ஸ், மருத்துவச்சி படிப்பு), ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ), பிஎஸ்சி நர்சிங் படிச்சவங்களுக்குத்தான். ஜிஎன்எம்னா 3 வருஷம். வசதி இருந்தா அதுக்கே போ. உடனே சம்பாதிக்கணும்னா 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டண்ட்' (வார்டுல நோயாளிகளைப் பார்த்துக்கிற உதவியாளர்) கோர்ஸ் தேடு, ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் (இது நர்சிங் கவுன்சில் இல்ல) சர்டிபிகேட் வருமான்னு கேளு. எந்த ஆஸ்பத்திரி வார்டுல பயிற்சின்னும் நேர்ல போய்ப் பாரு.

வேலைக்கு எடுக்கும்போது கைப்பழக்கத்தைத்தான் பார்ப்பாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா இடுப்புலயும் குதிகால்லயும் புண் வந்துரும். அவங்களை ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கிட்டே பழைய பெட்ஷீட்டை முதுகோரமா சுருட்டி, புதுசைப் பாதி விரிச்சு, அந்தப் பக்கம் புரட்டி மீதியை இழுக்கணும். ஒரு சுருக்கம் நிக்கக் கூடாது. இதை நல்லாப் பழகிக்கோ தங்கம்.

பதில்: ஹெபடைடிஸ் பி (ரத்தம் மூலமாப் பரவுற கல்லீரல் நோய்) தடுப்பூசி இப்பவே ஆரம்பிச்சிடு பாப்பா. 3 டோஸ்: முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். ஊசி போடு, டிரிப் ஏத்துன்னு யார் சொன்னாலும் செய்யாத, அது நர்ஸ் வேலை.

கேட்டவர்: ரொம்ப நன்றிக்கா. ஜிஎன்எம்முக்கு அப்பாகிட்ட பேசுறேன்.